கை வீக்கத்துக்கு ஸ்டென்ட் வைக்கச் சொல்கிறார்கள்: வைப்பதா, பலூனோடு நிறுத்துவதா, சும்மா விடுவதா?

டயாலிசிஸ் யூனிட்டில் வேலை பார்ப்பவர்களை நோயாளியின் வீட்டார் தனியாகக் கூப்பிட்டுக் கேட்கும் கேள்விகளில் இது ஒன்று. "அப்பாவுக்கு ஃபிஸ்டுலா கை வீங்கிப் போச்சுங்க, நெஞ்சுக்குள்ள ரத்தக்குழாய் சுருங்கியிருக்காம், ஸ்டென்ட் வைக்கணும்ங்கறாங்க, இன்னொரு டாக்டர் பலூன் பண்ணாப் போதும்ங்கறாரு, எதைக் கேக்கறது?" ஃபிஸ்டுலா என்றால் டயாலிசிஸுக்காகக் கையில் தமனியையும் சிரையையும் அறுவையால் இணைத்த வழி. பலூன் என்றால் சுருங்கிய குழாயை உள்ளிருந்து விரிப்பது, ஸ்டென்ட் என்றால் அதை விரித்துப் பிடிக்க உள்ளேயே விட்டுவைக்கும் உலோக வலைக்குழாய். இதயத்தில் ஸ்டென்ட் வைத்துக்கொண்டு நன்றாக நடமாடும் ஒரு சித்தப்பாவோ மாமாவோ எல்லா வீட்டிலும் இருக்கிறார் என்பதால், ஸ்டென்ட் என்றாலே வைத்தோம், முடிந்தது என்ற நினைப்பு வந்துவிடுகிறது. டயாலிசிஸ் நோயாளியின் நெஞ்சுச் சிரையில் வைக்கும் ஸ்டென்ட் வேறு ரகம். அது எந்த இடத்தில் உட்காருகிறது என்பதைப் பொறுத்து, அடுத்த பத்து வருஷத்துக்கு எந்தக் கையில் ஃபிஸ்டுலா போடலாம், எந்தப் பக்கம் கழுத்தில் லைன் (சிரைக்குள் செருகும் டயாலிசிஸ் குழாய்) போடலாம் என்பதே மாறிப்போகும்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பலூன் தோற்ற பிறகு யோசிக்க வேண்டிய விஷயம் ஸ்டென்ட். அதிலும் சில இடங்களில் வைக்கவே கூடாது.

## எங்கே சுருங்குகிறது, ஏன்

கையிலிருந்து வரும் ரத்தம் காரை எலும்புக்கு அடியில் ஓடும் சிரை வழியாக மார்புக்குள் நுழைந்து, கழுத்துச் சிரையோடு சேர்ந்து ஒரு பெரிய குழாயாகி, இரண்டு பக்கத்துக் குழாய்களும் ஒன்றுகூடி மேற்பெருஞ்சிரையாக இதயத்தில் இறங்குகிறது. இவற்றைத்தான் மையச் சிரைகள் என்கிறார்கள். இவை சுருங்குவதற்கு முக்கியமான காரணம் நாமே போடும் லைன்கள்தான். 1991-ல் பிரான்சில் வெளியான ஓர் ஆய்வில், காரை எலும்புக்கு அடியில் டயாலிசிஸ் லைன் போட்டவர்களில் 42 சதவீதம் பேருக்கு அந்தச் சிரை சுருங்கியிருந்தது. கழுத்தில் போட்டவர்களில் 10 சதவீதம் பேருக்குத்தான். அதனால்தான் இப்போது முதல் தேர்வு வலது பக்கக் கழுத்து. பேஸ்மேக்கர் ஒயர்கள், ஐசியூவில் கையிலிருந்து நெஞ்சு வரை விடும் நீளமான மருந்து லைன்கள், எந்த லைனுமே போடாமல் ஃபிஸ்டுலாவின் வேகத்தால் மட்டுமே வரும் சுருக்கம் என்று மற்ற காரணங்களும் உண்டு. நம் ஊரில் முதல் டயாலிசிஸே அவசரத்தில், மூச்சுத் திணறி வந்து, கழுத்தில் லைன் போட்டுத்தான் பலருக்கு ஆரம்பிக்கிறது. ஃபிஸ்டுலா அப்புறம்தான்.

"லைன் எடுத்து ரெண்டு வருஷம் ஆச்சே, இப்ப ஏன் வீங்குது?" என்று கேட்பார்கள். மதகு திறக்காத வரை வாய்க்காலில் மண் மேடிட்டது யாருக்கும் தெரியாது, அது மாதிரிதான். சாதாரணக் கையில் ஓடும் கொஞ்ச ரத்தம் சுருங்கிய இடத்தைச் சுற்றிப் பக்கச் சிரைகள் வழியாகப் போய்விடும். ஃபிஸ்டுலா போட்டதும் நிமிடத்துக்கு 600 மில்லியிலிருந்து ஒன்றரை லிட்டர் வரை, சிலருக்கு அதற்கு மேலும் பாய்கிறது. அப்போதுதான் கை வீங்குகிறது. மோதிரம் கழற்ற முடியாது, ஜாக்கெட் கை ஒரு பக்கம் மட்டும் இறுக்கும், தோளிலும் மார்பிலும் நீல நிறத்தில் சிரைகள் எழும்பித் தெரியும். யூனிட்டில் எங்களுக்கு வேறு அடையாளங்கள் உண்டு: 130-ல் ஓடிக்கொண்டிருந்த வீனஸ் பிரஷர் (ரத்தம் உடம்புக்குத் திரும்பும் பக்கத்து அழுத்தம்) கொஞ்சம் கொஞ்சமாக 200-ஐத் தாண்டி மிஷின் கத்த ஆரம்பிக்கும், ஊசி எடுத்த இடத்தில் பஞ்சு மேல் பஞ்சாக வைத்து அமுக்கிக்கொண்டே உட்கார வேண்டியிருக்கும்.

## எதை வைத்து எடை போடுவது

முறைகளுக்குப் போகும் முன் இந்தக் கேள்விகளுக்குப் பதில் வேண்டும். இவை இல்லாமல் "எது நல்லது" என்று கேட்டால் யாராலும் சொல்ல முடியாது.

தொந்தரவு நிஜமாகவே இருக்கிறதா, இல்லை படத்தில் மட்டும் தெரிகிறதா? சுருக்கம் எந்த இடத்தில்: காரை எலும்புக்கு அடியிலா, இரண்டு பக்கமும் சேரும் இடத்திலா, மேற்பெருஞ்சிரையிலா? செய்தால் எத்தனை மாதம் தாங்கும்? நாளைக்கு இந்தக் கை போய்விட்டால் அடுத்த கைக்கும் கழுத்துக்கும் வழி மிச்சமிருக்குமா? ஏதாவது தப்பாகப் போனால் எவ்வளவு தூரம் தப்பாகப் போகும்? கடைசியாகப் பணம், அதாவது முதல் பில் மட்டும் இல்லை, அடுத்தடுத்த பில்களும்.

நான்காவது கேள்வியைத்தான் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. எனக்கு அதுதான் முதல் கேள்வி.

## வழி 1: ஒன்றும் செய்யாமல் கவனிப்பது

வேறு எதற்கோ எடுத்த படத்தில் பாதிக்கு மேல் சுருக்கம் தெரிகிறது, ஆனால் கை வீங்கவில்லை, டயாலிசிஸ் ஒழுங்காக ஓடுகிறது என்றால் கை வைக்காமல் விடுவதே நல்லது. இது சோம்பேறித்தனமான ஆலோசனை இல்லை. 2006-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், அறிகுறி இல்லாத சுருக்கங்களை அப்படியே விட்டவர்கள் நன்றாகவே இருந்தார்கள். பலூன் செய்தவர்களுக்குத்தான் சுருக்கம் வேகமாக வளர்ந்தது. பலூன் விரியும்போது சிரையின் உள்தோல் கிழிகிறது, கிழிந்த இடத்தில் தழும்பு மாதிரி சதை வளர்கிறது, காரணம் அவ்வளவுதான். அமெரிக்கச் சிறுநீரக அமைப்பின் 2019-ம் வருட வழிகாட்டியும் அறிகுறி இல்லாத மையச் சிரைச் சுருக்கத்துக்குச் சிகிச்சை வேண்டாம் என்ற பக்கம்தான் நிற்கிறது.

லேசான வீக்கம், ராத்திரி தலையணை மேல் கையை உயர்த்தி வைத்தால் காலையில் வடிந்துவிடுகிறது என்பவர்களுக்கும் கொஞ்ச நாள் பொறுத்துப் பார்க்கலாம். ஃபிஸ்டுலா போட்ட புதிதில் வரும் வீக்கம் சில வாரங்களில் தானாகவே அடங்குவதும் உண்டு. முகமும் கழுத்தும் வீங்குகிறது, குனிந்தால் தலை கனக்கிறது, படுத்தால் மூச்சு முட்டுகிறது, குரல் மாறுகிறது என்றால் மட்டும் பொறுக்கக் கூடாது. அது மேற்பெருஞ்சிரை சமாசாரம், உடனே பார்க்க வேண்டும்.

## வழி 2: பலூன்

அறிகுறி இருந்தால் முதலில் செய்ய வேண்டியது இதுதான். ஃபிஸ்டுலா வழியாகவோ தொடை வழியாகவோ ஒயர் விட்டு, 10 முதல் 14 மில்லிமீட்டர் வரை உள்ள பெரிய பலூனை அதிக அழுத்தத்தில் விரிப்பார்கள். உள்ளே எதையும் விட்டுவிட்டு வருவதில்லை என்பதுதான் இதன் பெரிய பலம்.

பலவீனமும் தெரிந்ததுதான், நிற்காது. கைச் சிரையைவிட நெஞ்சுச் சிரை ரப்பர் மாதிரி. பலூனை இறக்கிய சில நிமிடங்களிலேயே பழையபடி சுருங்குவதும் உண்டு. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால், மறுபடி எதுவும் செய்யாமல் 6 மாதம் தாங்கியவர்கள் 23-லிருந்து 63 சதவீதம், ஒரு வருடம் தாங்கியவர்கள் 12-லிருந்து 50 சதவீதம். அதாவது வருஷத்துக்கு இரண்டு, மூன்று முறை போய்ப் படுக்க வேண்டியிருக்கலாம்.

மறைந்திருக்கும் செலவு இங்கேதான். ஒவ்வொரு முறையும் ஊருக்குப் போக வர வண்டி, கூட வருபவரின் ஒரு நாள் கூலி, டயாலிசிஸ் நாளை மாற்றுவது, இன்னும் கொஞ்சம் சிறுநீர் போகிறவர்களுக்குக் படத்தில் குழாய் தெரிவதற்காக ஏற்றும் கான்ட்ராஸ்ட் மருந்தின் பாதிப்பு. காப்பீட்டுத் திட்டத்தில் செய்பவர்கள், முதல் முறைக்கு அனுமதி கிடைத்தது என்றால் மூன்று மாதம் கழித்து இரண்டாம் முறைக்கும் கிடைக்குமா என்று ஆஸ்பத்திரியில் இருக்கும் காப்பீட்டு ஊழியரிடம் முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

## வழி 3: வெறும் உலோக ஸ்டென்ட்

பலூன் செய்தும் பாதிக்கு மேல் சுருக்கம் அங்கேயே நிற்கிறது, அல்லது மூன்று மாதத்துக்குள் திரும்பி வருகிறது, இந்த இரண்டு சந்தர்ப்பங்களில்தான் ஸ்டென்டை யோசிக்கச் சொல்லிப் பல வருடங்களாக வழிகாட்டிகள் சொல்லிவருகின்றன. வைத்த அன்றைக்குப் பலன் பிரமாதமாகத் தெரியும், அதில் சந்தேகமே இல்லை. படத்தில் குழாய் கம்பீரமாக விரிந்து நிற்கும், இரண்டே நாளில் கை மெலியும், வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம்.

வருடக் கணக்கைப் பார்த்தால் அவ்வளவு சந்தோஷப்பட முடியாது. மறுபடி எதுவும் செய்யாமல் தாங்கியவர்கள் 6 மாதத்தில் 42-லிருந்து 89 சதவீதம், ஒரு வருடத்தில் 14-லிருந்து 73 சதவீதம். பலூன் எண்களோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன, தெளிவான வெற்றி இல்லை. காரணம், உலோக வலையின் கண்கள் வழியாகச் சதை உள்ளே வளர்கிறது. அப்புறம் அந்த ஸ்டென்டுக்குள் பலூன், அதுவும் தோற்றால் ஸ்டென்டுக்குள் இன்னொரு ஸ்டென்ட். வைப்பது ஒரு மணி நேர வேலை. எடுக்க வேண்டும் என்றால் பெரும்பாலும் நெஞ்சைத் திறக்கும் அறுவைதான்.

சிக்கல்களில் எனக்கு முதலில் தோன்றுவது பக்கத்துக் குழாயை மறிப்பது. இடது பக்கச் சிரையில் வைத்த ஸ்டென்டின் நுனி கொஞ்சம் நீண்டு, இரண்டு பக்கமும் சேரும் சந்திப்பில் போய் உட்கார்ந்துவிட்டால், வலது கையிலிருந்தும் வலது கழுத்திலிருந்தும் வரும் வழி வலைக்குப் பின்னால் மாட்டிக்கொள்கிறது. இன்று இடது கை சரியாகிவிட்டது. இரண்டு வருஷம் கழித்து அந்த ஃபிஸ்டுலா அடைத்துப் போய், வலது பக்கம் பெர்ம்கேத் (நீண்ட நாள் வைக்கும் டயாலிசிஸ் லைன்) போடலாம் என்று வரும்போது லைன் இறங்காது. அதே போலக் கழுத்துச் சிரை வந்து சேரும் வாயை ஸ்டென்ட் மூடிவிட்டால் அந்தப் பக்கக் கழுத்து இனி லைனுக்கு உதவாது. நல்ல நிபுணர் இந்தச் சில மில்லிமீட்டருக்காகத்தான் வேர்த்துப் போய் நிற்பார். அந்த இடத்தை அளக்காமல் "வெச்சிடலாம்" என்பவரிடம் கொஞ்சம் ஜாக்கிரதை.

அடுத்தது நகர்ந்து போவது. சிரை தமனி மாதிரி விறைப்பான குழாய் இல்லை. மூச்சு இழுத்தால் ஒரு அளவு, உடம்பில் நீர் ஏறியிருந்தால் ஒரு அளவு. டயாலிசிஸ் முடிந்து வற்றிய நிலையில் அளந்து கொஞ்சம் சின்ன சைஸ் ஸ்டென்ட் வைத்துவிட்டால், நீர் ஏறி சிரை விரியும்போது அது பிடி விட்டு ரத்த ஓட்டத்தோடு இதயத்துக்குள்ளோ நுரையீரல் தமனிக்கோ போய்விடலாம். திடீர்ப் படபடப்பு, நெஞ்சு வலி, மூச்சுத் திணறல் என்று தெரியலாம். எதுவுமே தெரியாமல் எப்போதோ எடுத்த எக்ஸ்ரேயில் தட்டுப்படுவதும் உண்டு. சுருக்குக் கயிறு மாதிரியான ஒயரால் பிடித்து இழுக்கப் பார்ப்பார்கள், முடியாவிட்டால் இதய அறுவை. அபூர்வம்தான், ஆனால் நடக்கிற காரியம். அதனால்தான் சிரையின் அளவைவிடச் சற்றுப் பெரிய ஸ்டென்டைத் தேர்ந்தெடுக்கிறார்கள். சில பின்னல் வகை ஸ்டென்டுகள் வைத்த பிறகு நாளடைவில் நீளம் குறைந்து, சுருக்கம் இருந்த இடத்தை விட்டே விலகிவிடுவதும் உண்டு.

மூன்றாவது உடைவது. காரை எலும்புக்கும் முதல் விலா எலும்புக்கும் நடுவே சிரை ஓடும் இடம் ரொம்ப இடுக்கு. துணி உலர்த்தக் கையைத் தூக்கினாலும், பேருந்தில் மேல் கம்பியைப் பிடித்தாலும் இரண்டு எலும்பும் சேர்ந்து ஸ்டென்டை நெரிக்கும். தினமும் நெரித்தால் உலோகம் ஒரு நாள் ஒடியும், ஒடிந்த முனை சிரையைக் குத்தும், குழாய் அடைக்கும். அந்த எலும்பு இடுக்கை அறுவை செய்து விரிவாக்காமல் அங்கே ஸ்டென்ட் வைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை, இதய-ரத்தக்குழாய் அறுவை நிபுணர்கள் பலரும் இதையேதான் சொல்வார்கள்.

செய்யும்போதே வரும் ஆபத்துகள் தனி. சிரை கிழிந்தால் மார்புக்குள் ரத்தம் தேங்கும். மேற்பெருஞ்சிரையின் கீழ்ப் பகுதி இதய உறைக்குள் இருக்கிறது, அங்கே கிழிந்தால் ரத்தம் உறைக்குள் நிரம்பி இதயத்தையே அழுத்தி, பிரஷர் நிமிடங்களில் விழும். அந்த நேரத்தில் பக்கத்திலேயே இதய அறுவைக் குழு இருக்கிறதா இல்லையா என்பது உயிர்ப் பிரச்சினை. கிருமித்தொற்று அரிதுதான்; ஆனால் கழுத்து லைனும் ஸ்டென்டும் சேர்ந்து இருப்பவருக்கு டயாலிசிஸின்போது குளிர் ஜுரம் திரும்பத் திரும்ப வந்தால் லைனை மட்டும் சந்தேகப்பட்டு நிறுத்திவிடக் கூடாது.

பேஸ்மேக்கர் உள்ளவர்களுக்கு இன்னொரு தலைவலி உண்டு. ஒயருக்கு மேலேயே ஸ்டென்ட் வைத்தால் ஒயர் சிரைச் சுவருக்கும் உலோகத்துக்கும் நடுவே நசுங்கி மாட்டிக்கொள்ளும். பின்னால் அந்த ஒயரில் தொற்று வந்தால் உருவ முடியாது. இவர்கள் கட்டாயம் இதய மருத்துவரையும் சேர்த்து உட்கார வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

## வழி 4: உறை போட்ட ஸ்டென்ட்

உலோக வலை மேல் துணி மாதிரி மெல்லிய உறை. கண்கள் வழியே சதை வளர முடியாது, ஆகவே ஸ்டென்டின் நடுப்பகுதி நன்றாகத் தாங்குகிறது. சுருக்கம் வந்தால் பெரும்பாலும் இரண்டு விளிம்புகளில் வரும். வெறும் ஸ்டென்டுக்குள் மறுபடி சுருங்கியவர்களுக்குப் பலூன் மட்டும் செய்வதைவிட உறை ஸ்டென்ட் அதிக நாள் தாங்குவதாக 2016-ல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு காட்டியது, அதில் மையச் சிரை நோயாளிகளும் இருந்தார்கள். கிழிந்த சிரையை அவசரமாக அடைக்கவும் இதுதான் கைகொடுக்கும்.

ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். உறை ஸ்டென்டுக்கு ஆதரவாக அடிக்கடி காட்டப்படும் 2010-ம் வருட ஆய்வு, 6 மாதத்தில் திறந்திருந்தவை உறை ஸ்டென்டில் 51 சதவீதம், பலூனில் 23 சதவீதம் என்று காட்டியதே, அது கையில் ஃபிஸ்டுலாவுக்குப் பதிலாக வைக்கும் செயற்கைக் குழாயும் சிரையும் சேரும் இடத்தைப் பற்றியது. நெஞ்சுக்குள் அதே கணக்கு வரும் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை.

துணி உறை என்பதாலேயே பக்கக் குழாய்களை இது முழுசாக மூடிவிடும். வெறும் வலையின் கண் வழியாகக் கொஞ்சமாவது ரத்தம் போகும், இதில் சுத்தமாகப் போகாது. சுற்றுவழியாக இருந்த சின்னச் சிரைகளும் மூடிவிடுவதால், பின்னால் ஸ்டென்ட் அடைத்தால் வீக்கம் முன்பைவிட மோசமாகத் திரும்பலாம். விலையும் கூடுதல். 2017 பிப்ரவரியில் மத்திய அரசு விலை உச்சவரம்பு வைத்தது இதயத் தமனி ஸ்டென்டுகளுக்கு. அந்த விலையை மனதில் வைத்துக்கொண்டு இந்தப் பில்லைப் பார்த்தால் தூக்கிவாரிப் போடும்.

## வழி 5: ஓட்டத்தைக் குறைப்பது, அல்லது ஃபிஸ்டுலாவையே மூடுவது

இதை ஏனோ வீட்டாரிடம் கடைசியில்தான் சொல்கிறார்கள். சில நோயாளிகளுக்கு ஃபிஸ்டுலாவில் ஓட்டம் நிமிடத்துக்கு இரண்டு லிட்டர், அதற்கும் மேல். சுருக்கத்தைத் தொடாமல், ஃபிஸ்டுலாவின் ஆரம்பத்தில் ஒரு கட்டுப் போட்டு ஓட்டத்தைக் குறைத்தாலே வீக்கம் வடிந்துவிடலாம், இதயத்துக்கும் பாரம் குறையும். ரத்த ஓட்டத்தை அளக்கும் டாப்ளர் ஸ்கேன் ஒன்று போதும் இதற்குத் தகுதியா என்று பார்க்க. அதிகமாக இறுக்கினால் ஃபிஸ்டுலா அடைத்துப் போகும் என்பதுதான் ஆபத்து.

முழுசாக மூடினால் வீக்கம் போவது நிச்சயம். ஆனால் நாளை மறுநாள் டயாலிசிஸ் எதில்? மறு கையில் ஃபிஸ்டுலா தயாராக இருக்கிறவர்கள், வயிற்று டயாலிசிஸுக்கு மாறுகிறவர்கள், மாற்றுச் சிறுநீரகம் வேலை செய்ய ஆரம்பித்துவிட்டவர்கள் ஆகியோருக்கு இதுதான் எளிய தீர்வு. மற்றவர்களுக்குக் கழுத்து லைன், அதாவது இன்னொரு சிரைச் சுருக்கத்துக்கு அச்சாரம்.

இவை எதுவும் முடியாதபோது சுருங்கிய இடத்தைத் தாண்டி மாற்றுப் பாதை போடும் அறுவையும், ஒரு முனை கையின் தமனியிலும் மறு முனை இதய அறையிலுமாக வைக்கும் ஹீரோ என்ற குழாயும் உண்டு. பின்னது 2008-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. பெரிய வேலை, செய்யும் இடங்களும் கொஞ்சம்.

## பக்கத்தில் பக்கம் வைத்துப் பார்த்தால்

| வழி | வீக்கம் | தாங்கும் காலம் | பின்னால் மறிப்பது | தெரியாமல் வரும் செலவு |
|---|---|---|---|---|
| கவனிப்பது | அப்படியே இருக்கும், சிலருக்குக் குறையும் | அறிகுறி வரும் வரை | எதுவும் இல்லை | மாதாமாதம் விழிப்பாக இருப்பது |
| பலூன் | சீக்கிரம் வடியும் | மாதங்கள் | எதுவும் இல்லை | திரும்பத் திரும்பப் போவது |
| வெறும் ஸ்டென்ட் | சீக்கிரம் வடியும் | மாதங்கள், சிலருக்கு வருடத்துக்கு மேல் | சந்திப்பில் இருந்தால் மறு பக்கம், கழுத்து | ஸ்டென்டுக்குள் பலூன்கள் |
| உறை ஸ்டென்ட் | சீக்கிரம் வடியும் | வெறும் ஸ்டென்டைவிடக் கூடலாம் | பக்கக் குழாய்கள் முழுசாக | விலை, அடைத்தால் கடும் வீக்கம் |
| ஓட்டத்தைக் குறைப்பது | ஓட்டம் அதிகமுள்ளவருக்கு வடியும் | நன்றாகவே தாங்கலாம் | நெஞ்சில் எதுவும் இல்லை | ஃபிஸ்டுலா அடைக்கும் ஆபத்து |
| ஃபிஸ்டுலாவை மூடுவது | முழுசாகப் போகும் | நிரந்தரம் | இந்த ஃபிஸ்டுலா | புது வழி தேடுவது |

## யாருக்கு எது

நாற்பது வயது, மாற்றுச் சிறுநீரகத்துக்குப் பதிந்து காத்திருக்கிறார், இடது கை ஃபிஸ்டுலா, வலது பக்கம் இன்னும் தொடாமல் இருக்கிறது. இவருக்குப் பலூனோடு இழுத்துக்கொண்டு போவதுதான் என் பார்வையில் சரி, அலைச்சலாக இருந்தாலும். சந்திப்பை மறிக்கும் ஸ்டென்ட் இவரிடமிருந்து பறிப்பது ரொம்ப அதிகம்.

எழுபதைத் தாண்டியவர், நடக்கவே சிரமம், இதுவே கடைசி ஃபிஸ்டுலா, மூன்று மாதத்துக்கு ஒரு முறை பலூனுக்குத் தூக்கிக்கொண்டு போக ஆள் இல்லை. இவருக்கு ஸ்டென்ட் நியாயமான முடிவு; சந்திப்பைத் தொடாத இடமாக இருந்தால் உறை ஸ்டென்டையும் கேட்டுப் பார்க்கலாம். மேற்பெருஞ்சிரை சுருங்கி முகம் வீங்கி, பலூனுக்கு மசியாதவருக்கும் ஸ்டென்ட்தான். அங்கே காத்திருப்பதுதான் பெரிய ஆபத்து.

காரை எலும்புக்கு அடியில் சுருக்கம் என்றால் வயசு என்னவாக இருந்தாலும் பலூன், ஓட்டத்தைக் குறைப்பது, அப்புறம் அறுவை. ஸ்டென்ட் அந்த வரிசையில் கடைசி.

## கையெழுத்துப் போடும் முன்னும், வைத்த பின்னும்

சம்மதப் படிவத்தை நீட்டும்போது டாக்டரிடம் நேராகக் கேளுங்கள்: ஸ்டென்டின் மேல் நுனியும் கீழ் நுனியும் எங்கே நிற்கும், மறு பக்கச் சிரையும் கழுத்துச் சிரையும் திறந்திருக்குமா, பலூன் மட்டும் செய்து எழுந்து வந்தால் என்ன நஷ்டம், சிரை கிழிந்தால் இங்கேயே பார்க்க முடியுமா. படம் வரைந்து காட்டச் சொல்லுங்கள், காகிதத்தில் ஒரு 'ஒய்' போட்டுக் காட்ட இரண்டு நிமிடம் ஆகாது. பலூன் செய்து பார்த்து, தோற்றால் அதே மேசையிலேயே ஸ்டென்ட் என்று பேசிக்கொள்வதும் வழக்கம். அப்படியானால் "தோற்றால்" என்பதற்கு என்ன அளவு என்று அவரிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

வைத்த பிறகு முதல் சில நாட்களில் நெஞ்சு வலி, படபடப்பு, மூச்சுத் திணறல், பிரஷர் இறக்கம் எது வந்தாலும் அடுத்த டயாலிசிஸ் வரை பொறுக்காமல் ஸ்டென்ட் வைத்த இடத்துக்கே போங்கள், போனதும் ஒரு நெஞ்சு எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை புதிதாகத் தந்திருந்தால் யூனிட்டில் சொல்லிவிடுங்கள், டயாலிசிஸின்போது ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் ஹெபாரின் அளவையும் ஊசி எடுத்த பின் அமுக்கும் நேரத்தையும் அதை வைத்துத்தான் பார்ப்போம். ஸ்டென்டின் பெயர், விட்டம், நீளம், எந்தப் பக்கம் என்று எழுதிய அட்டையையும் ஆஞ்சியோ சிடியையும் டயாலிசிஸ் ஃபைலோடு சேர்த்து வையுங்கள். என்றாவது ஒரு ராத்திரி வேறொரு ஆஸ்பத்திரியில் அவசரமாகக் கழுத்தில் லைன் போட வருபவருக்கு, உள்ளே எந்தப் பக்கம் ஸ்டென்ட் இருக்கிறது என்று அதைப் பார்த்தால்தான் தெரியும்.